குறி தொலைத்த எண்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போகும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றால், பாதி வழிக்குள் எல்லாரும் சேர்ந்து வளைவுகளின் எண்களை உரக்கச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். காது அடைக்கும்; காற்று குளிரும்; சரிவுகளில் காப்பிச் செடிகள் தென்படும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1600 மீட்டரையும் தாண்டும்.

இந்த எண்களைச் சொல்லும்போது நாம் ஓர் உடன்பாட்டையும் சேர்த்தே சொல்கிறோம். ‘கடல் மட்டத்திலிருந்து’ என்ற சொல்தான் அந்த உடன்பாடு. கடல் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஏறும், இறங்கும். சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைமுகங்களில் பல்லாண்டுகள் அலை ஏற்ற இறக்கத்தை அளந்து, அதன் சராசரியைச் சுழியாகக் கொண்டார்கள். இந்திய நில அளவைத் துறை 1909 ஆம் ஆண்டில் வகுத்த உயர அடிப்படை அப்படி வந்ததுதான். அந்தச் சுழிக்கு மேலே இருப்பது மிகை எண். கீழே இருப்பது குறை எண். ஏற்காட்டுக்கு மிகை எண் போதும். கேரளத்துக் குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் தாழ்வாக நெல் விளையும் வயல்கள் இருக்கின்றன. அவற்றின் உயரத்தை எழுத ஒரு கழித்தல் குறி வேண்டும்.

தாளில் எழுதுகிறவனுக்கு இது ஒரு பெரிய காரியமில்லை. எண்ணுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு போட்டால் போதும். கணிப்பொறிக்கோ அந்தக் கோட்டைப் போட இடமில்லை. அதற்குத் தெரிந்தவை 0, 1 ஆகிய இரண்டே. அந்த ஒரு சிறு கோட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி கணிப்பொறிகளின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வந்திருக்கிறது. ஒரு ராக்கெட்டையே அது வானில் சிதறடித்திருக்கிறது. அந்த வரலாற்றை ஏற்காட்டு மலையிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

மலை ஒரு கோப்பாகிறது

2000 ஆம் ஆண்டு பிப்ரவரி 11 ஆம் நாள் ‘எண்டெவர்’ என்ற அமெரிக்க விண்வெளி ஓடம் புறப்பட்டது. ஓடத்தில் ஒரு ரேடார் உணர்கொம்பும், அதிலிருந்து 60 மீட்டர் நீண்ட ஒரு கம்பத்தின் முனையில் மற்றொன்றும் இருந்தன. நம் இரு கண்கள் தொலைவை உணர்வதுபோல, இந்த இரண்டும் சேர்ந்து பூமியின் மேடு பள்ளங்களை உணர்ந்தன. 11 நாள் பயணத்தில் உலக நிலப்பரப்பில் சுமார் 80 விழுக்காடு அளக்கப்பட்டது.

அளந்த உயரங்களைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கோப்புகளாக வெளியிட்டார்கள். வடக்கே 11 முதல் 12 பாகை வரை, கிழக்கே 78 முதல் 79 பாகை வரை உள்ள சதுரம் ஒரு கோப்பு. சேலமும் ஏற்காடும் ஆத்தூரும் இராசிபுரமும் கொல்லிமலையும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. சுமார் 90 மீட்டருக்கு ஓர் உயரம் வீதம், 1201 வரிசைகள்; வரிசைக்கு 1201 உயரங்கள். மொத்தம் 14,42,401 எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு பைட், அதாவது 16 பிட் இடம். பிட் என்பது 0 அல்லது 1 இருக்கும் ஓர் இடம்; எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட்.

செங்குத்தான சரிவின் நிழலில் ரேடார் அலை விழுவதில்லை. அசையாத ஏரி நீர் அலையை வேறு பக்கம் திருப்பிவிடும். அத்தகைய இடங்களில் உயரம் கிடைக்காது. அங்கே என்ன எழுதுவது? ‘அளவு இல்லை’ என்பதற்கு அடையாளமாக −32768 என்று எழுதினார்கள். பூமியில் அவ்வளவு ஆழமான நிலம் கிடையாது. ஆகையால் குழப்பம் வராது என்பது எண்ணம்.

இப்போது ஒரு மாணவர் இந்தக் கோப்பைப் படிக்க ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பைட் எண் என்பதைக் கவனித்தார். குறியுள்ள எண் என்பதைக் கவனிக்கவில்லை. ஏற்காடு 1500 மீட்டர் என்று சரியாகவே வருகிறது. சேலமும் சரியாக வருகிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறதென்று அவர் மகிழ்கிறார். ஆனால் மலைச்சரிவில் எங்கேனும் அளவு விடுபட்ட ஒரு புள்ளி இருந்தால், அங்கே 32,768 மீட்டர் உயரத்துக்கு ஓர் ஊசிமுனை எழும்பி நிற்கும். எவரெஸ்ட்டைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல்! குட்டநாட்டுக் கோப்பைப் படித்தாலோ, கடலுக்கு இரண்டு மீட்டர் தாழ்ந்த வயல் 65,534 மீட்டர் உயரத்தில் தொங்கும்.

கோப்பில் ஒரு பிட்கூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். படித்தவர் கொண்ட உடன்பாடு மட்டுமே மாறிவிட்டது. இது எப்படி நேர்கிறது?

பின்னோக்கிச் சுழலும் சக்கரம்

வண்டிகளில் ஓடிய தொலைவைக் காட்டும் பழைய கிலோமீட்டர் காட்டியைப் பார்த்திருப்பீர்கள். நான்கு இலக்கச் சக்கரங்கள் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். 0000 இருக்கும்போது அதைக் கையால் ஒரு படி பின்னோக்கிச் சுழற்றினால் என்ன வரும்? 9999 வரும். இன்னொரு படி சுழற்றினால் 9998. அப்படியானால் 9999 ஐ −1 என்றும், 9998 ஐ −2 என்றும் வைத்துக்கொண்டால் என்ன?

சரிபார்ப்போம். 5 உடன் −2 ஐக் கூட்ட வேண்டும். 5 உடன் 9998 ஐக் கூட்டினால் 10003. காட்டியில் ஐந்தாவது சக்கரம் இல்லை. ஆகவே 0003 என்று நிற்கும். விடை 3. கழித்தலுக்கென்று தனிப் பொறி தேவைப்படவில்லை; கூட்டலே கழித்தல் வேலையையும் செய்துவிட்டது. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 1642 இல் செய்யத் தொடங்கிய கணக்குப் பொறியிலும் சக்கரங்கள் ஒரே திசையில்தான் சுழலும். கழிப்பதற்கு அவரும் இதையொத்த நிரப்பெண் முறையையே பயன்படுத்தினார்.

கணிப்பொறியில் பத்து இலக்கச் சக்கரங்களுக்குப் பதிலாக 0, 1 மட்டுமே உள்ள 16 ‘சக்கரங்கள்’ இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மொத்தம் 65,536 நிலைகள். அவற்றுள் 0 முதல் 32,767 வரை மிகை எண்கள். 32,768 முதல் 65,535 வரை உள்ளவை −32,768 முதல் −1 வரையிலான குறை எண்கள். இதற்கு ‘இரண்டின் நிரப்பு’ முறை என்று பெயர். ஏற்காட்டின் 1500 மீட்டர் 0000010111011100 என்று நிற்கும். குட்டநாட்டு −2 மீட்டர் 1111111111111110 என்று நிற்கும். முதல் பிட் 1 ஆக இருந்தால் குறை எண். ஆனால் அது ஒரு கழித்தல் குறி அல்ல. குறை எண் என்று நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். ஒப்புக்கொள்ளாதவனுக்கு அதே வரிசை 65,534.

மேலே கண்ட மாணவரின் சோதனை ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது விளங்கும். 32,767 வரை இரண்டு உடன்பாடுகளும் ஒரே விடையையே தருகின்றன. அதற்கு மேல்தான் பிரிகின்றன. சாதாரண எண்களைக் கொண்டு எத்தனை முறை சோதித்தாலும் பிழை வெளிப்படாது.

கடனிலிருந்து கணிப்பொறிக்கு

குறை எண்களுக்கு முறையாக விதி வகுத்தவர்களில் முன்னோடி நம் நாட்டவர். பிரம்மகுப்தர் கி.பி. 628 இல் எழுதிய ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ என்ற நூலில் மிகை எண்ணைத் ‘தனம்’ என்றும், குறை எண்ணை ‘ரிணம்’, அதாவது கடன் என்றும் குறிப்பிட்டார். இரண்டு கடன்களைப் பெருக்கினால் தனம் என்பது அவர் தந்த விதிகளில் ஒன்று. ஐரோப்பியக் கணித அறிஞர்கள் பலர் அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னும் குறை எண்ணை ஏற்கத் தயங்கினார்கள்.

கணிப்பொறி பிறந்தபோது அந்தத் தயக்கம் இல்லை. முறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் கருத்து வேறுபாடு இருந்தது. ஜான் வான் நாய்மன் 1945 இல் எட்வாக் பொறிக்காக எழுதிய அறிக்கையில் இரண்டின் நிரப்பு முறையைப் பரிந்துரைத்தார். 1949 இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் பொறி அதையே பின்பற்றியது. வேறு சில பொறிகள் முதல் பிட்டை வெறும் குறியாகவும், மீதியை அளவாகவும் வைத்தன. இன்னும் சில, எல்லாப் பிட்களையும் தலைகீழாக்கிக் குறை எண்ணைக் குறித்தன. இவ்விரண்டு முறைகளிலும் ஒரு விந்தை உண்டு: +0, −0 என்று இரண்டு சுழிகள் கிடைக்கும்!

1964 இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 360 வரிசைப் பொறிகள் இரண்டின் நிரப்பைத் தேர்ந்தெடுத்தபின் காற்று அந்தப் பக்கமே வீசியது. 1973 இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370 பொறியும் அந்த வழி வந்ததுதான். ஆயினும் சட்டம் வழக்கத்தைவிட மெதுவாகவே நடக்கும். சி++ மொழியின் 2020 ஆம் ஆண்டுத் தரமும், சி மொழியின் 2024 இல் வெளியான தரமும் வந்த பிறகே, ‘குறை எண் என்றால் இரண்டின் நிரப்புதான்’ என்று அம்மொழிகளில் உறுதியாக எழுதப்பட்டது.

இரண்டு மரபுகள் கலந்தால்

இயற்பியல் படித்தவர்களுக்கு இதே போன்ற தொல்லை ஒன்று நன்றாகத் தெரியும். வில்லைச் சமன்பாட்டில் தொலைவுகளுக்குக் குறி இடுவதற்கு இரண்டு மரபுகள் உள்ளன. மெய்ப் பிம்பத்தின் தொலைவை மிகை என்று கொள்வது பழைய மரபு. ஒளி செல்லும் திசையை மிகை என்று கொள்வது கார்ட்டீசியன் மரபு. இரண்டும் சரி; இரண்டிலும் சரியான விடை வரும். ஆனால் சமன்பாட்டை ஒரு மரபில் எழுதிவிட்டு, எண்களை மற்றொரு மரபில் இட்டால் பிம்பம் வில்லையின் தவறான பக்கத்தில் போய் விழும். விடைத்தாள் திருத்தும்போது நான் அடிக்கடி காணும் தவறு இது. அந்த மாணவருக்கு வகுத்தலும் பெருக்கலும் நன்றாகவே தெரியும். எல்லையைத் தாண்டும்போது மரபு மாறியதைத்தான் அவர் கவனிக்கவில்லை.

டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய சி மொழியில் குறியுள்ள எண், குறியில்லா எண் என்று இரு வகைகளும் உண்டு. ஒரே அகலமுள்ள இவ்விரண்டும் ஒரு கோவையில் சந்தித்தால், பொதுவாகக் குறியுள்ளது தன் குறியை விட்டுவிட வேண்டும் என்பது விதி. 32 பிட் அகலத்தில் −1 என்பது 4,29,49,67,295 ஆகிவிடும். ‘−1 என்பது 1 ஐ விடச் சிறியதா?’ என்று கேட்டால், மறுபக்கத்தில் இருப்பது குறியில்லா 1 ஆக இருந்தால், ‘இல்லை’ என்று பொறி விடை சொல்லும்! பொறி பொய் சொல்லவில்லை; கேட்டவருக்குத் தெரியாமல் மரபு மாறியிருக்கிறது.

சோதனைச் சாவடி ஏமாந்த கதை

சாதாரண நிரலில் இந்தத் தவறு நேர்ந்தால் விடை தவறும்; திருத்திக்கொள்ளலாம். ஆனால் கணிப்பொறியின் உட்கருவில் நேர்ந்தால் என்ன ஆகும்? இயக்க முறைமையின் அந்த உட்கருவைக் ‘கெர்னல்’ என்பார்கள். நினைவகம், வட்டு, வலை இணைப்பு எல்லாம் அதன் பொறுப்பில் உள்ளன. மற்ற நிரல்கள் எதுவும் இவற்றை நேரே தொட முடியாது. கெர்னலிடம் விண்ணப்பிக்க வேண்டும். மலையடிவாரத்தில் வண்டிகளைச் சோதித்து அனுப்பும் சாவடியைப் போன்றது அது. சாவடிக்காரர் ஏமாந்தால் காட்டுக்குள் எதுவும் நுழையலாம்.

2002 ஆகஸ்டில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயக்க முறைமையை உருவாக்குவோர் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார்கள். வலை இணைப்பின் மறுமுனை முகவரியைக் கேட்பது போன்ற சில விண்ணப்பங்களில் குறி பற்றிய பிழை இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதன் சாரத்தை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்.

கெர்னலிடம் 1024 பைட் தகவல் இருக்கிறது. நிரல் ஒன்று வந்து, ‘என் பாத்திரத்தில் இத்தனை பைட் கொள்ளும், அதுவரை கொடு’ என்று ஓர் எண்ணைத் தருகிறது. கெர்னல் எச்சரிக்கையானது. 1024, கேட்ட அளவு ஆகிய இரண்டில் சிறியதை எடுத்துக்கொள்கிறது. 500 கேட்டால் 500 கிடைக்கும்; 5000 கேட்டால் 1024 தான் கிடைக்கும். சரியான ஏற்பாடுதானே?

விஷமி ஒருவன் −1 என்று கேட்கிறான். 1024, −1 இரண்டில் சிறியது எது? −1. சாவடியைத் தாண்டியாயிற்று. அடுத்து அந்த எண் நகலெடுக்கும் பகுதிக்குப் போகிறது. அந்தப் பகுதிக்குக் குறை எண் என்றால் என்னவென்றே தெரியாது. ‘எத்தனை பைட்’ என்ற கேள்விக்குக் குறை எண் எதற்கு என்று அதைக் குறியில்லா எண்ணாகவே அமைத்திருக்கிறார்கள். அது −1 ஐ 4,29,49,67,295 என்று படிக்கிறது. 1024 பைட்டுக்கு அப்பால் கெர்னலின் நினைவகத்தில் இருக்கும் மற்றவர்களின் தகவல்களும் அள்ளிக் கொடுக்கப்படுகின்றன. அவற்றில் யாரோ தட்டச்சு செய்த கடவுச்சொல்லும் இருக்கக்கூடும்.

சோதித்தவரும் தம் மரபில் சரி. நகலெடுத்தவரும் தம் மரபில் சரி. இருவருக்கும் இடையில் இருந்த வாசலில்தான் எண் தன் குறியைத் தொலைத்தது.

மறுதிசையிலும் ஆபத்து உண்டு. ‘கோப்பைப் படித்துக் கொடு’ என்று கேட்டால், எத்தனை பைட் படித்தேன் என்ற எண்ணைக் கெர்னல் திருப்பித் தரும். படிக்க முடியாமற்போனால்? அதற்கும் அதே எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆகவே லினக்ஸ் கெர்னலுக்குள் தவறுகளுக்குக் குறை எண்கள் வழங்குகின்றன: −2 என்றால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’, −14 என்றால் ‘நினைவக முகவரி தவறு’. இதைக் குறியில்லா ஒரு மாறியில் வாங்கி வைத்தால், −14 என்பது 4,29,49,67,282 பைட் படித்த மாபெரும் வெற்றியாகிவிடும்! ‘சுழியைவிடச் சிறியதா?’ என்ற சோதனை ஒருநாளும் ஆம் என்று சொல்லாது. இத்தகைய குழப்பத்துக்கு இடம் தராதிருக்க லினக்ஸில் ஒரு வரம்பும் உண்டு: எவ்வளவு பெரிய கோப்பானாலும் ஒரு விண்ணப்பத்துக்கு 2,14,74,79,552 பைட்டுக்கு மேல் தருவதில்லை. 32 பிட் குறியுள்ள எண்ணின் உச்சத்துக்குச் சற்றுக் கீழே போட்ட வேலி அது.

‘சிறியது எது’ என்று கேட்ட சண்டை

‘இரண்டில் சிறியது’ என்ற சாதாரணக் கேள்வியே லினக்ஸ் வரலாற்றில் ஒரு சண்டையை மூட்டியது. 2001 வரை கெர்னலின் பல பகுதிகளை எழுதியவர்கள் சிறியதைக் கண்டுபிடிக்கத் தத்தமக்கென்று ஒரு குறுவிதி எழுதிக்கொண்டிருந்தார்கள். குறியுள்ளதையும் குறியில்லாததையும் அவை சத்தமில்லாமல் ஒப்பிட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த 2.4.9 பதிப்பில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு மாற்றம் செய்தார்: சிறியது எது என்று கேட்பவர், எந்த வகை எண்ணாகக் கருதி ஒப்பிட வேண்டும் என்பதையும் முதலில் சொல்லியாக வேண்டும்.

எதிர்ப்பு எழுந்தது. முன்பு எழுதிய பல நிரல்கள் மாற்றமின்றி இயங்க மறுத்தன. அடுத்த பதிப்பில் சமரசம் வந்தது. இரு எண்களும் ஒரே வகையானால் பழையபடி கேட்கலாம். வகை வேறானால் மொழிமாற்றி எச்சரிக்கும். அப்போது எழுதுபவர் வகையைத் தாமே குறிப்பிட வேண்டும். தொல்லையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் பயன் என்ன? குறி மாறும் இடத்தில் மனிதன் ஒரு கணம் நின்று யோசிக்கிறான். மலைப்பாதையின் வளைவுக்கு முன் ‘ஒலி எழுப்பவும்’ என்று பலகை வைப்பது போல.

தமிழ் எழுத்துகள் குறை எண்களா?

ஆம் என்று சொன்னால் வியப்பீர்கள்! கணிப்பொறியில் எழுத்துகளும் எண்களே. ஆங்கில எழுத்துகள் 0 முதல் 127 வரையுள்ள எண்களில் அடங்கும். திஸ்கி, டாப் முதலிய பழைய தமிழ் எழுத்துக் குறியீடுகள் தமிழுக்கு 128 க்கு மேற்பட்ட எண்களை அளித்தன. இன்று வழங்கும் ஒருங்குறியை யூ.டி.எஃப்.-8 முறையில் எழுதும்போதும் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் பெறுகிறது. அனைத்தும் 127 க்கு மேற்பட்டவை. ‘ஏ’ என்ற எழுத்து 224, 174, 143. ‘ஏற்காடு’ என்ற பெயர் மொத்தம் 21 பைட்.

சி மொழியில் எழுத்துக்கென்று உள்ள எட்டுப் பிட் வகை குறியுள்ளதா, குறியில்லாததா? ரிட்சி காலத்துப் பி.டி.பி.-11 பொறியில் அது குறியுள்ளதாக இருந்தது. தரம் வகுத்தவர்கள் அதைப் பொறிக்குப் பொறி மாறலாம் என்று விட்டுவிட்டார்கள். மேசைக் கணிப்பொறிகளில் உள்ள இன்டெல் செயலிகளில் வழக்கமாகக் குறியுள்ளது. கைப்பேசிகளில் பெருவழக்கான ஆர்ம் செயலிகளில், லினக்ஸில், குறியில்லாதது. ஆகவே மேசையில் ‘ஏ’ என்பது −32, −82, −113. கைப்பேசியில் 224, 174, 143!

ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. தமிழை உள்ளிட்டால் படும். எழுத்தின் எண்ணைக் கொண்டு ஓர் அட்டவணையில் வரிசை தேடும் நிரல், −32 ஆவது வரிசையைத் தேடி அட்டவணைக்கு முன்னால் உள்ள நினைவகத்தில் கைவிடும். நம் மொழிக் கோப்புகளைத் திறக்கும்போது சில நிரல்கள் தடுமாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 6.2 பதிப்பில் இந்தப் பொறிக்குப் பொறி வேற்றுமை முடிவுக்கு வந்தது. கெர்னல் முழுவதும், எந்தச் செயலியானாலும், எழுத்து வகை குறியில்லாதது என்று விதித்துவிட்டார்கள். சி மொழி பிறந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், கெர்னலுக்குள்ளாவது ஒரே உடன்பாடு.

முப்பத்தேழு வினாடி

கெர்னலுக்கு வெளியே, இதே இனத்தைச் சேர்ந்த பெரும் விபத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் ‘ஆப்பிள்’ செயற்கைக்கோளை 1981 இல் ஏந்திச் சென்றது ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட். அந்தக் குடும்பத்தின் புதிய வாரிசான ஏரியன்-5, 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து முதன்முறையாகக் கிளம்பியது. இயந்திரம் பற்றவைக்கும் வரிசை தொடங்கிச் சுமார் 37 வினாடி கழித்து, அது தன் பாதையைவிட்டுத் திரும்பிச் சிதறியது. நான்கு ஆராய்ச்சிச் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

காரணம்: கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் அளவை, 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் குறியுள்ள முழு எண்ணாக மாற்றினார்கள். 16 பிட்டில் 32,767 க்கு மேல் இடமில்லை. ஏரியன்-4 ராக்கெட்டின் பாதையில் அந்த அளவு வரம்பைத் தாண்டியதே இல்லை. அதே நிரலை ஏரியன்-5 இல் வைத்தார்கள். அது தொடக்கத்திலேயே வேகமாகப் பக்கவாட்டில் சாயும் ராக்கெட். எண் வரம்பைத் தாண்டியது. வழிகாட்டும் கருவி நின்றது. மாற்றாக வைத்திருந்த கருவியிலும் அதே நிரல்; அதுவும் நின்றது. ஆபத்துள்ள ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் காவல் போட்டு, மூன்றைக் காவலின்றி விட்டிருந்தார்கள் என்று விசாரணைக் குழு கண்டது. செயலியின் வேலைச்சுமையைக் குறைக்கச் செய்த சிக்கனம் அது.

பாதுகாப்பாகக் கடப்பது எப்படி?

இந்த வரலாறு தரும் நெறிகள் சிலவே. முதலாவது: எண் தன் குறியை இழப்பதற்கு முன்பே அதைச் சோதிக்க வேண்டும். ‘1024 ஐ விடப் பெரியதா?’ என்று மட்டும் கேட்டால் போதாது, ‘சுழியைவிடச் சிறியதா?’ என்றும் கேட்க வேண்டும். மேல் வரம்பு, கீழ் வரம்பு இரண்டும் சேர்ந்ததே காவல். மாற்றிய பின் கேட்டால் பயனில்லை. அப்போது குறை எண்ணே இருக்காது.

இரண்டாவது: கூட்டவோ பெருக்கவோ செய்யுமுன், விடை கொள்ளுமா என்று பார்க்க வேண்டும். விடை நிரம்பி வழிந்ததா என்று சொல்லும் ஆயத்த விதிகள் இன்று லினக்ஸ் கெர்னலில் உள்ளன. மூன்றாவது: தவறைக் குறை எண்ணால் சொல்லும் இடத்தில், அதை வாங்கும் பாத்திரமும் குறியுள்ளதாக இருக்க வேண்டும். நான்காவது: மொழிமாற்றியின் எச்சரிக்கைகளை அணைத்து வைக்கக் கூடாது.

ஐந்தாவது ஒரு நுட்பம். 16 பிட்டில் −32,768 உண்டு, +32,768 இல்லை. எனவே −32,768 இன் குறியை மாற்றச் சொன்னால், 16 பிட்டில் அது மீண்டும் −32,768 ஆகவே வந்து நிற்கும்! மலைக் கோப்பில் ‘அளவு இல்லை’ என்பதற்கு வைத்த எண் இதுவேதான் என்பதை நினைவுகூருங்கள். ‘குறியை நீக்கிவிட்டேன், இனி மிகை எண்தான்’ என்று நம்புகிறவரைக் கவிழ்க்கும் எண் இது.

காலமும் ஒரு தேர்வு வைத்திருக்கிறது. பல முறைமைகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த வினாடிகளை 32 பிட் குறியுள்ள எண்ணில் எண்ணி வந்தன. 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அந்தக் காட்டி உச்சத்தைத் தொடும். அடுத்த வினாடி அது குறை எண்ணாகப் புரண்டு, 1901 டிசம்பருக்குப் போய்விடும். 2020 இல் வந்த லினக்ஸ் 5.6 பதிப்பிலிருந்து, 32 பிட் பொறிகளுக்கும் 64 பிட் நேரக் கணக்குக்கு வழி அமைத்துவிட்டார்கள். ஆனால் எங்கெங்கோ சுவரிலும் இயந்திரத்திலும் பொருத்தி மறந்துபோன பழைய பொறிகளை யார் போய்த் திருத்துவது? இன்று பள்ளியில் படிக்கும் மாணவர்களில் சிலர்தான் அந்த வேலையைச் செய்யப்போகிறார்கள்.

அவர்களுக்கு ஒரு பயிற்சி. சேர்வராயன் மலையின் உயரக் கோப்பு இணையத்தில் கிடைக்கிறது. அதை முதலில் குறியில்லா எண்களாகப் படியுங்கள். பிறகு குறியுள்ள எண்களாகப் படியுங்கள். இரண்டு விடைகளும் எங்கேனும் வேறுபடுகின்றனவா என்று தேடுங்கள். எங்கும் வேறுபடவில்லையென்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். குட்டநாட்டுக் கோப்பை எடுத்து அதே நிரலை ஓட்டிப் பாருங்கள். நிரல் சரியா என்பதை ஏற்காட்டின் உச்சி சொல்லாது. கடலுக்குக் கீழே இருக்கும் அந்த நெல்வயல்தான் சொல்லும்.